பின்னால் பட்டை கூட்டாதீங்க: பழைய பிக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஏர்வாடியிலிருந்து ஒரு தம்பி வந்தான். 12 வருசப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறான், களக்காட்டு வாழைத்தாரை நாகர்கோவிலுக்கு ஓட்ட. "அண்ணாச்சி, எழுபதைத் தாண்டினா வண்டி கோலம் போடுது. பின்னால ரெண்டு பட்டை கூடப் போட்டுப் பாத்துட்டேன், அப்பவும் நிக்க மாட்டேங்குது" என்றான். பட்டை என்றால் கமானில், அதாவது லீஃப் ஸ்ப்ரிங்கில், அடுக்கியிருக்கும் இரும்புத் தகடு. அந்த ரெண்டு பட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவன்மேல் இல்லை. 2013-இல் நான் செய்த அதே கோட்டித்தனத்தை இன்னும் ஆளாளுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்களே என்றுதான்.

மொட்டை டயர், பிரேக் ஆயில் குறைவு, லூசான வீல் நட்டு, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் வண்டியே எடுக்க வேண்டாம். அப்புறம், வேகம் என்று நான் சொல்வது 80. பழைய சரக்கு வண்டியை நூறில் ஓட்ட வழி கேட்டு என்னிடம் வராதீர்கள். அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனாலே பிரேக் கரைக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடுகிறது.

கமான் பட்டை கூட்டுவது

வண்டி பின்னால் தொங்குகிறது, வளைவில் சாய்கிறது, வேகத்தில் ஆடுகிறது. உடனே கமான் பட்டறைக்குப் போவோம். அங்கே முதல் கேள்வியே "எத்தனை பட்டை போடணும்?" என்பதாக இருக்கும். ஏன் தொங்குகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் ரெண்டு போடச் சொன்னேன். வண்டி பின்னால் ரெண்டு அங்குலம் எழும்பி ஜம்மென்று நின்றது. எனக்கு ஒரே பெருமை.

அந்த ரெண்டு அங்குலம் என்ன செய்யும் தெரியுமா? முன் சக்கரம் திரும்புகிற அச்சு செங்குத்தாக இருக்காது, சைக்கிள் ஃபோர்க் மாதிரி மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குத்தான் கேஸ்டர் என்று பெயர். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் அதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி (வீல்பேஸ்) உள்ள வண்டியில் பின்பக்கத்தை ரெண்டு அங்குலம் தூக்கினால் வண்டி மூக்கு குத்தி, கேஸ்டரில் சுமார் ஒரு டிகிரி போய்விடும். கம்பெனி கொடுத்திருப்பதே சில டிகிரிதான். ஆடுகிறது என்று பட்டை போட்டோம், பட்டை போட்டதால் இன்னும் ஆடுகிறது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே சேஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி போகும். பாரம் ஏறி பாடி கீழே அமுங்கினால், அந்தக் கம்பி வழியாக வால்வுக்கு விஷயம் தெரிந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டி என்றால் குறைத்துவிடும். நான் பட்டை கூட்டியதும் முழு லோடு ஏற்றினாலும் பாடி அமுங்கவில்லை, வால்வு வண்டியைக் காலி என்றே நினைத்துக்கொண்டது. லோடோடு பிரேக் மிதித்தால் முன்பக்கம் மட்டும் பிடிக்கும், பின்னால் சும்மா உருளும். "பிரேக் பத்தலை" என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே ஒருவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கட்டுக்கம்பியால் அந்த வால்வுக் கம்பியை மேலே இழுத்துக் கட்டிவிட்டார். எப்போதும் முழு அழுத்தம். பிரேக் கல் மாதிரி பிடித்தது. அவருக்கு ஐம்பது ரூபாய் டீக்காசும் கொடுத்தேன்.

அந்த வருசம் ஆடி மாதம், நாகர்கோவிலில் லோடை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறேன். பணகுடி தாண்டியதும் லேசான சாரல், ரோடு அப்போதுதான் நனைகிறது. நடுத்திட்டுச் செடிக்குள்ளிருந்து ஒரு வெள்ளாடு குதித்தது. மிதித்தேன். பாரம் இல்லாத பின் சக்கரம் ரெண்டும் அப்படியே இறுகிக்கொண்டு வழுக்க, பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. வண்டி நின்றபோது நாகர்கோவிலைப் பார்த்து நின்றிருந்தது, பின் பாடி நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தது. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் லாரி எதுவும் வராததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாடி, ரெண்டு டயர், வளைந்துபோன ஆக்சில், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். பட்டைக்கு ஆன காசு தனி.

செய்ய வேண்டியது இதுதான். கமானைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்குப் பாதி வண்டியில் ஒரு பட்டையாவது உடைந்திருக்கும். உடைந்ததை மாற்றி, தளர்ந்துபோனதைப் பழைய வளைவுக்கு அடித்து, கமான் முனைகளில் இருக்கிற புஷ்ஷும் ஷேக்கிள் பின்னும் புதிதாகப் போடுங்கள். கமானை ஆக்சிலோடு இறுக்குகிற யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே மறுபடி மாட்டாதீர்கள், புதுசு வாங்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்குங்கள். நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றுங்கள், காலி வண்டியில் பின்பக்கம் துள்ளுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த வால்வுக் கம்பியைக் கம்பெனி அளவுக்கு வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் தொங்குகிறது என்றால் நீங்கள் ஆர்.சி.யில் உள்ளதைவிட அதிகமாக ஏற்றுகிறீர்கள்.

ஸ்டீயரிங் ஆட்டத்தோடு அலைன்மென்டுக்குப் போவது

தேய்ந்த ஜாயின்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணம், பார்ப்பது வீண் செலவு, கடை வாசலைத் தாண்டும்போதே மாறிவிடும். நாலு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராட் எண்டு, பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பாருங்கள். எது டக் டக் என்கிறதோ அதை மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு பாக்ஸ் மேலே இருக்கிற ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தைக் குறைப்பார்கள். அதிகம் முறுக்கினால் நடுவில் இறுகிக்கொண்டு ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பாது. வண்டி மறுபடி கோலம் போடும்.

ஸ்டீயரிங் டேம்பர்

ஸ்டீயரிங் ஆட்டத்தை அமுக்குகிற சின்ன ஷாக் அப்சார்பர். ஜாயின்ட் மாற்ற மனசில்லாதவர்கள் போடுவது.

டயரின் வயசைப் பார்க்காதது

பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டை) நிறைய இருக்கிறது என்று செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குவார்கள். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செய்தது. நம் வெயிலில் நின்று காய்ந்த அந்த ரப்பரை நான் எண்பதில் நம்ப மாட்டேன். ஒரே ஆக்சிலில் நைலான் டயரும் ரேடியல் டயரும் கலக்காதீர்கள், முன்னால் ரீட்ரெட் (தேய்ந்ததில் புதுப் பட்டன் ஒட்டிய டயர்) போடாதீர்கள். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், ஓடிச் சூடான டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துத் திறந்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

வீல் ஸ்பேசர்

சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே போடுகிற வட்டு. வேண்டாம். பேரிங் போகும்.

காலி வண்டியில் கூண்டும் தார்ப்பாயும்

ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தலில் அத்தனை காற்றாலையைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். காலி வண்டியில் தார்ப்பாய் விரித்த கூண்டு ஒரு பாய்மரம். அவிழ்த்துச் சுருட்டிக் கட்டுங்கள். ஒரு கன்டெய்னர் லாரியை ஓவர்டேக் செய்யும்போது அதன் மறைவில் காற்றே தெரியாது, அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் பக்கவாட்டில் ஓர் அறை விழும். அந்த இடத்தில் ஐம்பது, அறுபது போதும்.

பாரத்தைக் கடைசியில் வைப்பது

பின் ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கும், ஸ்டீயரிங் லேசாக, நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். தோட்டத்தில் கடைசியாக வெட்டி வருகிற தாரையெல்லாம் பின் கதவோரம் அடுக்குவதுதான் வழக்கம். முதலில் கேபினை ஒட்டி அடுக்கிவிட்டு வரச் சொன்னால் லோடுமேன் முறைப்பார். முறைக்கட்டும்.