சக்கர நாற்காலியோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

நடக்க முடியாத தாய் தகப்பனை ஊர் பார்க்கக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது. ஒரே இருப்பில் நெடுநேரம் இருந்தால் பாரம் விழும் இடத்தில் வரும் படுக்கைப்புண்ணைப் பற்றி. சூட்கேசில் என்ன வைப்பதென்று சொல்ல மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

சக்கர நாற்காலியை விமான வாசலில் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். குஷனை அதோடு விடாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடைத்த குஷன், விமானம் மேலே போனதும் விறைத்துவிடும், கொஞ்சம் காற்றுத் திறந்துவிடவேண்டும். இறங்கியதும் திரும்ப அடித்து, ஆள் இருக்கும்போதே அடியில் கையை விட்டுப் பாருங்கள். இருப்பெலும்புக்கும் (இருக்கும்போது அடியில் முட்டும் எலும்பு) குஷனின் அடிக்கும் நடுவே 1.5 முதல் 2.5 சென்ரிமீற்றர் இருந்தால் சரி. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். அரை மணிக்கொரு தடவையாவது ஆளைச் சரித்து, ஓரிரு நிமிடம் அந்த இடத்துப் பாரத்தை எடுங்கள். நடுவில் எங்காவது ஒரு அறை எடுத்துப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் எங்களுக்குச் சரியாகவே நடந்தது. கெடுத்தது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம்.

"பத்து நிமிச அலுவல் பிள்ளை, அம்மா ஒரு கையெழுத்து வைச்சாப் போதும்" என்றார் சித்தப்பா. நாங்கள் வெளிநாடு போன பிறகு அந்தக் காணிக்கு வேலி அடைத்தவர், வரி கட்டியவர் எல்லாம் அவர்தான். அவரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? அலுவலகம் மேல்மாடியில். லிப்ட் இல்லை. இரண்டு பொடியன்கள் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சக்கர நாற்காலி குஷனோடு கீழே காவலாளியிடம் நின்றது. மேலே, உறுதியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. கடிதம் வேண்டுமாம். ஐயா சாப்பிடப் போய்விட்டாராம். நான் குஷனை எடுக்கப் போனால், "அம்மாவை விட்டுட்டுப் போகாதேங்கோ, இப்ப கூப்பிடுவினம்" என்கிறார்கள். மத்தியானம் தாண்டியது. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு இடப்பக்கம் உணர்வு குறைவு. நொந்தால்தானே சொல்லுவார்!

இரவு உடை மாற்றும்போது இடப்பக்கத்து இருப்பெலும்பு இருக்கும் இடத்தில் கருநீலமாக ஒரு திட்டு. எங்கள் தோலில் சிவப்பைத் தேடிப் பலனில்லை. நிறம் கருத்திருக்கிறதா, தொட்டால் மற்றப் பக்கத்தைவிடச் சூடா, கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாமி எண்ணெய் பூசித் தேய்க்க வந்தார். தேய்க்கக் கூடாது, உள்ளே நொந்த தசை இன்னும் கிழியும். அடுத்து மருந்துக்கடையில் நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வாங்கி வந்தார்கள். அதுவும் வேண்டாம், விளிம்பு சுற்றிவர நெரிக்க, நடுவுக்கு இரத்தம் போவது குறையும். செய்யவேண்டியது, அந்த இடத்தில் பாரம் படாமல் படுக்கவைத்து வைத்தியரிடம் காட்டுவதுதான். "வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கதிரைக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்பார்கள். சொல்லட்டும்.

விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரை இன்னும் கிடக்கிறது. துணி தொய்ந்து இடுப்பு முன்னால் வழுக்கும், பாரம் முழுக்க வாலெலும்பில் விழும். அந்த இடத்திலும் இதே மாதிரிப் புண் வரலாம். வந்த அன்றே அம்மா அதில்தான் இருக்கவேண்டும் என்றார். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை இருத்தினேன்.

காணி அலுவல் இருந்தால் வெளிக்கிட முன்பே நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடுங்கள். முடியாவிட்டால் நொத்தாரிசை (உறுதி எழுதும் சட்டத்தரணியை) வீட்டுக்கு வரச்சொல்லிக் கேளுங்கள். டிக்கெட்டும் திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள். புண்ணோடு ரொறொன்ரோ வரை ஒருவரை இருத்திக்கொண்டு வர முடியாது.