ஒப்பிக்கிறாள், வாசிக்கவில்லை: நான் செய்தது

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பாட்டுக் கதைகளைக் கடகடவென்று ஒப்பிப்பாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிப்பாள். சந்தம் மனதில் நின்றுவிடுவதால் கண் எழுத்துக்கே போவதில்லை.

நட்பு பற்றிய கதை ஒன்றை நானே எழுதி, வரி வரியாக வெட்டிக் கலைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனையும் கூப்பிட்டு ஆளுக்குப் பாதி கொடுத்தேன். அவன் ‘வண்டி சேற்றில் மாட்டுது’ என்று வாசித்தால், இவள் தன் கையில் தேடி ‘நண்டு கயிறு நீட்டுது’ என்ற துண்டை எடுக்க வேண்டும். முன்னே எதுகை (வண்டி–நண்டு: இரண்டாம் எழுத்து ஒன்று), பின்னே இயைபு (மாட்டுது–நீட்டுது: முடியும் ஒலி ஒன்று) என்று இரண்டு பிடி இருக்கிறது. ஆனாலும் எழுத்தைப் பார்க்காமல் துண்டு கிடைக்காது. ஒருவர் திணறினால் மற்றவர் முதல் எழுத்தை மட்டும் சொல்லலாம். அது ரொம்ப முக்கியம்.

இப்போது புதுப் புத்தகத்தையும் விரல் வைத்து வாசிக்கிறாள். மெய்யெழுத்து வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறாள்.