மல்லிகைச் சரமும் பால் தராசும்: தூய்மையைப் போதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றில், பாலியல் தூய்மை பற்றி வாலிபர் வகுப்பு எடுத்த காலத்தில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சென்றேன். ஆளுக்கொரு முறை முகர்ந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கச் சொன்னேன். இருபது கை மாறித் திரும்பியபோது பாதி நார், மீதி கசங்கிய பூ. "இதை இனி யார் தலையில் சூடுவார்கள்?" என்று கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் தலை நிமிரவேயில்லை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சிறு வயதில் உறவுக்காரர் ஒருவரால் அவளுக்கு நேர்ந்த கொடுமை பல மாதங்கள் கழித்தே எனக்குத் தெரியவந்தது.

மனிதரைப் பூவாக்கியதுதான் என் பிழை. பூவுக்கு வாடுவதைத் தவிர வேறு வழியில்லை. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றிலோ மாமனாரால் கருவுற்ற தாமார் இருக்கிறாள், விலைமாதாயிருந்த ராகாப் இருக்கிறாள். பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல் 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்கிறார். அந்த ஒரு வரியிலேயே குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது: உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட அரசன் தாவீது.

அடுத்த தவறு, தூய்மையையும் குடும்ப மானத்தையும் ஒன்றாக்குவது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் கொண்டு வருவார்கள். அப்படி வளர்ந்த நமக்குப் பிடிபட்டால்தான் பாவம். அதுவும் பெண் பிடிபட்டால்தான். ஆனால் இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்னும் மத்தேயு 5:28 பேசுவது பார்க்கிறவனிடம், பார்க்கப்படுகிறவளிடம் அல்ல. பெண்களின் உடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நாம், இரவில் பையன்களின் கைப்பேசிகளில் சுற்றும் படங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை. யோவான் 8ஆம் அதிகாரத்திலும் பெண்ணைக் கையும் களவுமாகப் பிடித்தார்களாம். கூட இருந்த ஆணைத்தான் காணோம்.

கி.பி. 50 வாக்கில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை நாம் அரைகுறையாக வாசிப்பதே இத்தனைக்கும் வேர் என்பேன். வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் நிறுத்தவில்லை, இந்த விஷயத்தில் தன் சகோதரனை ஒருவனும் வஞ்சிக்கக் கூடாது என்கிறார். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு, தனக்குரிய பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வது என்று பொருள். தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க அகராதி வேண்டாம். இருட்டோடு எழுந்து ரப்பர் மரம் சீவி, வாளி சுமந்து வந்த பாட்டியின் ரப்பர் பாலைத் தராசில் குறைத்து எழுதிய கிராணியின் (தோட்டக் கணக்கரின்) கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. காதலிக்கிறேன் என்று சொல்லிப் படம் வாங்கி நண்பர்களுக்குக் காட்டுகிறவன் அதே தராசில்தான் கை வைக்கிறான். கல்யாண எண்ணமே இல்லாமல் ஆசை காட்டி அலைக்கழிப்பதும் அதே கணக்கு. தீர்க்கதரிசி நாத்தான் தாவீதிடம் சொன்ன கதையையும் பாருங்கள்: ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துக்கொண்ட கதை.

தாலி கட்டியதோடு பாடம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. 1 கொரிந்தியர் 7:4 மனைவியின் உடல்மேல் கணவனுக்குள்ள அதிகாரத்தைச் சொன்ன கையோடு, கணவனின் உடல்மேல் மனைவிக்கும் அதே அதிகாரம் என்கிறது. முதல் பாதி நம் ஆண்களுக்கு மனப்பாடம்.

இனி ஜெபக் குறிப்பு. "இன்னாருடைய மகளுக்காக ஜெபியுங்கள் அக்கா, ஈப்போவில் ஒரு பையனோடு பார்த்தார்களாம்." ஆமென் சொல்லி முடிப்பதற்குள் செய்தி மூன்று தோட்டம் தாண்டிவிடும். இதற்குப் புறங்கூறுதல் என்றே பெயர். இதில் அந்தப் பிள்ளையைக் கனப்படுத்துவது எங்கே இருக்கிறது?

மிகக் கொடிய தவறைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சிறு பிள்ளையிடம் ஒருவர் தவறாக நடந்துகொண்டால் மூப்பர்கள் கூடி, காப்பி குடித்து, சமாதானம் பேசி, 'மன்னித்துவிடுங்கள்' என்று அனுப்பிவிடுவது. மன்னிப்பு வேறு, மறைப்பு வேறு. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்த மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நேர்ந்தது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். உதவிக்கு அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) எண் 15999 இருக்கிறது. அதை ஆலய அறிவிப்புப் பலகையில், ஆராதனை நேரத்துக்குக் கீழே எழுதி ஒட்டினோம். யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினோம், மறுபடி கிழித்தார்கள். மூன்றாம் முறை கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.