கோடைச் சாளரத்தில் கிளப் மாறும்போது

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆடிப் பழகி, தொழில்முறை கால்பந்து கிளப்பில் சேர்ந்த மதுரைப் பையன் கோடைச் சாளரத்தில் (வீரர்கள் கிளப் மாறிப் பதிய அனுமதிக்கும் காலம்) வேறு கிளப்புக்கு மாற, முதலில் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்க்க வேண்டும். கடைசி 6 மாதம் என்றால் அவரே புது கிளப்போடு கையெழுத்திடலாம். அதற்கு முன்பென்றால் இரண்டு கிளப்பும் மாற்றுத்தொகையை (வீரரை விடுவிக்கப் புது கிளப் தரும் பணம்) எழுத்தில் முடிக்க வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது.

மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடியட்டும். 'முழங்கால் ஸ்கேன் சரியாக வந்தால்தான் ஒப்பந்தம் செல்லும்' என்ற நிபந்தனையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி அனுமதிப்பதில்லை.

அடுத்தது பதிவு. நாடு விட்டு நாடு மாறினால் ஃபிஃபாவின் டிஎம்எஸ் எனும் வீரர் மாற்ற இணையத் தளத்தில் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் கேட்க வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள் மாட்டுவது இனிஷியலில்தான். ஆதாரில் 'மு. கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் முருகேசன்' என்றிருந்தால், சாளரம் மூடும் நாளில் திருத்த நேரமிருக்காது. மே மாதமே சரிசெய்யுங்கள்.

ஒரு சீசனில் 3 கிளப்பில் பதியலாம், பொதுவாக 2-க்குத்தான் ஆடலாம். லோனும் (தற்காலிகமாக வேறு கிளப்புக்குப் போவது) இதில் சேரும்.

வளர்த்த உள்ளூர் கிளப்புக்கும் பங்குண்டு: வெளிநாட்டு மாற்றத்தில் தொகையின் 5%, 12 முதல் 23 வயது வரை பயிற்சி தந்தவர்களுக்குப் பிரியும். அதற்குச் சான்றான பழைய பதிவுத்தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.