பருத்தி வயலில் வேருக்குக் கீழே இறங்கிப்போகும் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருத்திக்குப் பாய்ச்சும் தண்ணீர் கடைமடையைத் தாண்டி வரப்பை உடைத்துக்கொண்டு ஓடினால், மண்வெட்டியோடு ஓடிப்போய் அடைக்கிறோம். அதே தண்ணீர் செடியின் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கினால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. மேல்மண் நனைந்திருக்கிறது, செடி வாடவில்லை; ஆகவே மண் குடித்ததையெல்லாம் செடி குடித்ததாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆழ்கசிவு எனப்படும் இந்த இழப்பு தண்ணீரை மட்டுமல்லாமல் உரத்தையும் மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. இதற்குக் காரணமான தவறுகள் பெரும்பாலும் பழக்கத்தால் வருபவை என்பதால், திருத்திக்கொள்ளக் கூடியவையும்கூட.

முதல் தவறு, தண்ணீரை மணிக்கணக்கில் அளப்பது. ‘பத்து மணி நேரம் மோட்டார் ஓடியது’ என்பதில் எவ்வளவு தண்ணீர் வயலுக்குப் போனது என்ற செய்தியே இல்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். 40 விநாடியில் நிறைந்தால் மோட்டார் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர் தருகிறது. ஓர் ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்கு நீர் நிற்க ஏறத்தாழ 4,050 லிட்டர் வேண்டும். அப்படியானால் பத்து மணி நேரத்தில் அந்த ஏக்கர் பெறுவது சுமார் 45 மி.மீ. இப்போது செடியின் பக்கத்துக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு மாதப் பயிரின் வேர் 30 செ.மீ. ஆழம் போயிருக்கிறது என்றும், நிலம் மீட்டர் ஆழத்துக்கு 120 மி.மீ. நீரைச் செடிக்காகப் பிடித்துவைக்கும் மணல் கலந்த செம்மண் என்றும் கொண்டால், வேர்ப்பகுதியின் மொத்தக் கொள்ளளவு 36 மி.மீ. அதில் பாதி தீர்ந்திருக்கும்போது பாய்ச்சினால் அங்கே இருக்கும் காலி இடம் 18 மி.மீ. மட்டுமே. மீதி 27 மி.மீ., அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், ஒரே பாசனத்தில் வேருக்குக் கீழே போய்விடுகிறது.

இளம் பயிருக்கும் காய் பிடித்த பயிருக்கும் ஒரே அளவில் பாய்ச்சுவதுதான், என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. முற்றிய பருத்தியின் வேர் தடை இல்லாத மண்ணில் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கக்கூடியது; அந்த நிலையில் 60 மி.மீ. பாய்ச்சினாலும் நல்ல மண் ஏந்திக்கொள்ளும். விதைத்த சில நாளில் கட்டும் உயிர்த்தண்ணீரும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று பாசனங்களும் அப்படியல்ல. வேர் மேலாகவே இருக்கிறது, இலைப்பரப்பு சிறியது, அடிமண்ணோ விதைப்புக்கு முந்தைய மழையாலும் பாசனத்தாலும் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது. எனவே மேலிருந்து வரும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கீழே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இறங்குகிறது. பருவம் முழுவதும் சிக்கனமாக இருக்க முடியாதவர்கள்கூட இந்த முதல் நாற்பது நாளில் கவனமாக இருந்தால், இழப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

அளவு சரியாக இருந்தும், செடி வரிசைகளுக்கு இடையே உள்ள நீண்ட பள்ளங்களில் ஓடவிடும் சால் பாசனத்தில் தண்ணீர் வீணாவதற்குக் காரணம், அது தலைமடையிலும் கடைமடையிலும் ஒரே நேரம் நிற்பதில்லை என்பதாகும். தண்ணீர் சாலின் கடைசியைத் தொட மூன்று மணி நேரமும், அங்கே நனைய இரண்டு மணி நேரமும் எடுத்தால், தலைப்பகுதி ஐந்து மணி நேரம் தண்ணீரில் நின்றிருக்கிறது. இதை மோசமாக்குவது, இருக்கிற கொஞ்சத் தண்ணீரைப் பத்துப் பதினைந்து சால்களுக்கு ஒரே நேரத்தில் பிரித்துவிடும் வழக்கம். ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து போக, தலைமடை மண் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குறைந்த சால்களில் வேகமாக ஓடவிட்டு, கடைசியைத் தொட்டதும் வரத்தைக் குறைப்பதே சரி. சாலின் நீளத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் கடைசியைச் சேரும் நேரம் பாதியைவிடவும் குறையும். ஏனெனில் அது போகப்போக மெதுவாகிக்கொண்டே போவது. மும்முனை மின்சாரம் வந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டியிருக்கும் விவசாயியின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. நேரம் வைத்து நிறுத்தும் கருவி ஒன்றை மோட்டாரோடு பொருத்திக்கொள்வது அதற்கு ஓரளவு துணை செய்யும்.

கரிசல் நிலத்தில் தண்ணீர் கீழே இறங்காது என்ற நம்பிக்கை பரவலானது. ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையில் களிமண் நிலத்தில் பருத்தி பயிரிடுவோரிடமும் நீண்ட காலம் இருந்தது. செடி மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் குளோரைடு உப்பு எவ்வளவு ஆழத்துக்குக் கழுவப்பட்டிருக்கிறது என்பதை வைத்தும், வேருக்குக் கீழே வடியும் நீரை நேரடியாக அளந்தும் ஆராய்ந்தபோது, சால் பாசன வயல்களில் பருவத்துக்கு 100 முதல் 200 மி.மீ. வரை இழப்பு சாதாரணமாகவே காணப்பட்டது. கரிசலில் வழி திறந்துவிடுவது வெடிப்புகள். மண் பிளக்கும்வரை காயவிட்டு, பிறகு மொத்தமாகத் தண்ணீரைத் திறந்தால், களி உப்பி வெடிப்பு மூடுவதற்குள் ஒரு பகுதி நேராக ஆழத்துக்கு ஓடிவிடும். ஆழமான வெடிப்பு விடும் முன்பே பாய்ச்சுவதும், ஒன்றுவிட்டு ஒரு சாலில் பாய்ச்சுவதும் இங்கே பொருந்தும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் பாய்ச்சுவதும் தவறே. மண் நிறைந்திருக்கும்போது பெய்யும் மழைக்கு இறங்குவதைத் தவிர வேறு இடமில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுததால் அடியில் இறுகிய தட்டு இருக்கும் வயலில் வேர் அதற்கு மேலேயே நின்றுவிடும் என்பதால், அங்கே அந்தத் தட்டை உடைக்கும் உளிக்கலப்பையை ஓட்டாமல் பாசன அளவைக் கூட்டுவதில் பயனில்லை. சொட்டுநீர் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் சொட்டும் நீர் பக்கவாட்டில் பரவாமல் குறுகிய தூண் போல இறங்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை நீண்ட நேரம் விடுவதற்குப் பதிலாக அன்றாடமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சிறிது நேரம் விட வேண்டும்.

யூரியாவை இட்ட கையோடு நிறையத் தண்ணீர் கட்டுவது இழப்பை இரட்டிப்பாக்கும். யூரியா தண்ணீரில் எளிதில் கரைந்து நகரக்கூடியது. அது நைட்ரேட்டாக மாறிய பிறகும் மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. வேருக்குக் கீழே போன நைட்ரேட் பலவேளைகளில் குடிநீர்க் கிணற்றைச் சேர்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உரத்தைப் பிரித்து இட்டு, அதன் பின் மிதமாகப் பாய்ச்சினால் போதும்.

‘கீழே போனாலும் என் கிணற்றுக்குத்தானே வருகிறது’ என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வழியில் உள்ள உப்பையும் உரத்தையும் கரைத்துக்கொண்டே வருகிறது. அதை மீண்டும் மேலே இறைக்கவும் வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் நிலத்தடி நீர்மட்டமே உயர்ந்து உப்பை மேலே கொண்டுவந்துவிடும். பஞ்சாபின் முக்த்சர் மாவட்டத்தில் கால்வாய்க் கசிவும் பாசனக் கசிவும் சேர்ந்து பருத்தி விளைந்த நிலங்களை நீர் தேங்கும் நிலமாக்கின. உஸ்பெகிஸ்தானில் சிர் தாரியா ஆற்று நீரால் விரிவாக்கப்பட்ட பருத்தி வயல்களும் இவ்வாறே உவர்ப்பட்டன. உப்பைக் கழுவ எப்போதும் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும் என்பதும் சரியல்ல. கழுவுதல் தேவைதான், ஆனால் பருத்தி உப்பை மிக நன்றாகத் தாங்கும் பயிர்களில் ஒன்று, நல்ல பருவமழையும் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் மட்டும் அதற்கென ஒருமுறை பாய்ச்சலாம்.

தன் வயலில் என்ன நடக்கிறது என்பதை அறிய, பாசனம் முடிந்து ஒரு நாள் கழித்துத் தலைமடையில் ஒரு குழியும் கடைமடையில் ஒரு குழியும் தோண்டிப் பார்க்கலாம். வெள்ளை வேர்கள் எந்த ஆழத்தில் முடிகின்றன, புதிய ஈரம் எந்த ஆழம்வரை போயிருக்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரம் வேரைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தால் அடுத்தமுறை மோட்டாரை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட்டு, மீண்டும் தோண்டிப் பார்க்க வேண்டும்.