பவளக் கணக்கு ஒத்துவராமல் போனது ஏன்?

மொரீஷியஸின் ப்ளூ பே கடற்பூங்காவில் பவளக் கணக்கெடுப்பு பழகிக்கொண்டிருந்தோம். பல நாடுகளில் பவளத்திட்டுகளைக் கணக்கெடுக்கப் பயன்படும் ரீஃப் செக் (Reef Check) முறை: 100 மீட்டர் நாடா, அதில் 20 மீட்டர் துண்டுகள் நான்கு, இடையிடையே 5 மீட்டர் விட வேண்டும். ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்கு நேர் கீழே இருப்பதை, தண்ணீருக்குள் எழுதும் பலகையில் குறிக்க வேண்டும். ஒரே நாடா, ஒரே முங்கல். ஆனால் எனக்கும் கூட வந்த அண்ணனுக்கும் உயிர்ப்பவளக் கணக்கு ஒத்தே வரவில்லை.

வெளுத்த பவளத்தைச் செத்ததாக எழுதுகிறோமோ என்று முதலில் சந்தேகம். (வெளுத்தாலும் திசு இருந்தால் உயிருள்ளதுதான்.) படங்களை வைத்து மறுபடி பழகினோம், பலனில்லை. அலை அடங்கிய நேரம் பார்த்து இறங்கினோம். வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு பலகைகளையும் வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் பிடி கிடைத்தது. மணலிலும் தட்டைப் பாறையிலும் எல்லாம் பொருந்தியது, கிளைப்பவளம் வந்த இடத்தில் மட்டும் தகராறு. அங்கே நாடா கிளை நுனிகளின் மேல் நிற்கிறது. இடைவெளிகளில் தரை ஓர் அடி கீழே. அலை வேறு நாடாவை ஆட்டுகிறது. சாய்வாகப் பார்த்தால் பக்கத்துப் புள்ளிதான் தெரியும், அதுவும் பளிச்சென்ற பவளமாகவே கண்ணில் படும்.

மஹேபூரில் இரும்புக் கடையில் துருப்பிடிக்காத சின்ன நட்டு ஒன்று வாங்கி, மெல்லிய கயிற்றில் தூக்குக்குண்டு மாதிரி கட்டினேன். நட்டு முதலில் தொடுவதை மட்டும் குறித்தோம். கணக்கு அநேகமாக ஒன்றாகிவிட்டது, நிம்மதி. கயிறு எப்போதும் நாடாவின் ஒரே ஓரத்தை ஒட்டித்தான் இறங்க வேண்டும். பெரிய நட்டு வேண்டாம், கிளை நுனி ஒடியும்.