பர்கர், பீட்சா கடை வேலைக்கு முதல் இன்டர்வியூ: கேட்கப் போவதிலிருந்து சேரும் நாள் வரை

சென்னையில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் செயினில் க்ரூவாக (கிச்சன், கவுன்ட்டர் வேலை பார்க்கும் ஊழியராக) சேர்ந்து ஷிப்ட் மேனேஜர் வரை வந்தவன் நான். கடைசி மூன்று வருடம் கடைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. எதிரில் வந்து உட்காரும் பிள்ளைகள் பலரும் இங்கிலீஷ் வராதே என்ற பயத்தோடுதான் உட்காருவார்கள். மேனேஜர் மனதில் ஓடுவது வேறு: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை நிறைந்து வழியும்போது இந்தப் பிள்ளை வந்து நிற்குமா? மொத்த இன்டர்வியூவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். அதை வைத்தே தயாராவோம்.

1. எப்போது போய்க் கேட்பது

ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆனால் க்ரூ வேலைக்கு நேரில் போய்க் கேட்பதுதான் வேகமான வழி. திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், மதியம் மூன்றரையிலிருந்து ஐந்து மணிக்குள் போங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து, சாயங்காலக் கூட்டம் வராத நேரம் அது. மேனேஜருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போய் ரெஸ்யூமை நீட்டினால், அது கவுன்ட்டருக்கு அடியில் போய்விடும்.

2. போர்டில் ஒரு பெயர், லெட்டரில் வேறு பெயர்

புதிதாக வருகிறவர்கள் பயப்படும் விஷயம் இது. தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்துவது வெஸ்ட்லைஃப் நிறுவனத்தின் கீழுள்ள ஹார்ட்கேசில் ரெஸ்டாரன்ட்ஸ். டோமினோஸ் என்றால் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ், பர்கர் கிங் என்றால் ரெஸ்டாரன்ட் பிராண்ட்ஸ் ஏசியா. உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் அந்தப் பெயர்தான் இருக்கும். அது சரியானதுதான்.

யாராவது போன் செய்து, "வேலை உறுதி, யூனிஃபார்முக்கு 2,000 ரூபாய் அனுப்புங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள். வேலை கொடுப்பதற்காகப் பணம் கேட்பவர் கம்பெனி ஆளாக இருக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் அந்தக் கடைக்கே போய் மேனேஜரிடம் கேளுங்கள்.

3. கையில் கொண்டுபோக வேண்டியவை

ஆதார், பான் கார்டு, பத்தாவது மற்றும் பன்னிரண்டாவது மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. டெலிவரி வேலை என்றால் லைசென்ஸும் வேண்டும். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரின் எழுத்தோ இனிஷியலோ மாறியிருந்தால் இப்போதே திருத்தப் பாருங்கள். பின்னால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கும்போது அதுவே பெரிய தலைவலி ஆகும்.

4. மேனேஜர் முதலில் பார்ப்பது உங்கள் கையை

ஃபைலை நீட்டும்போதே நகத்தைப் பார்ப்பேன். அழுக்கு இருக்கிறதா, நெயில் பாலிஷ் இருக்கிறதா என்று. சாப்பாட்டைத் தொடுகிற வேலை. மோதிரம், வாட்ச், வளையல் எதுவும் கிச்சனுக்குள் போகக் கூடாது. இதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு: மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறு. வேலை நேரத்தில் அதையும் கழற்றச் சொல்வார்கள். முடியுமா என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போங்கள். ஆண்கள் பெரும்பாலும் முழுக்க ஷேவ் செய்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, மூடிய ஷூ போதும். டை எல்லாம் தேவையில்லை.

5. மேஜையில் கேட்பவை

இன்டர்வியூ தனி அறையில் நடக்காது. கடையின் மூலையில் ஒரு மேஜை, பக்கத்து மேஜையில் யாரோ ஃப்ரைஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பெரும்பாலும் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஊர், படிப்பு, வீட்டிலிருந்து கடைக்கு எப்படி வருவீர்கள் என்று நாலே வரியில் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் தப்பில்லை. கவுன்ட்டர் வேலைக்கு மட்டும் ஆர்டர் எடுக்கும் அளவு இங்கிலீஷ் பார்ப்பார்கள். அதையும் உள்ளே வந்து ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த முக்கியமான கேள்வி வரும்: "எந்த நேரம் வர முடியும்? சனி, ஞாயிறு வருவீர்களா?"

இங்கேதான் நிறையப் பேர் "எப்ப வேணாலும் வருவேன் சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வாரத்திலேயே லீவு கேட்பார்கள். ஒரு தங்கச்சி திருவள்ளூரிலிருந்து வந்திருந்தாள். காலேஜ் இரண்டாம் வருடம். ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வர முடியும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "அண்ணா, ராத்திரி ரயிலைப் பிடிக்கணும். எட்டு மணிக்கு மேல் இருக்க முடியாது. ஆனா சனி, ஞாயிறு காலையில் ஓப்பனிங்குக்கு வந்திடுவேன்" என்றாள். அந்தத் தாளை ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) போடும் பலகையிலேயே குத்தி வைத்தேன். அன்றே எடுத்துக்கொண்டோம். முடியாத நேரத்தை முடியாது என்று சொன்னதால்தான் அவள் முடியும் என்று சொன்ன நேரத்தை நம்ப முடிந்தது. நீங்களும் அப்படி ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். செமஸ்டர் தேர்வு எந்த மாதம் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

அடுத்தது சூழ்நிலைக் கேள்வி. நான் எப்போதும் கேட்பது இது: வெஜ் பர்கர் கேட்டவருக்குச் சிக்கன் போய்விட்டது, அவர் கத்துகிறார், என்ன செய்வீர்கள்? "வேறு கொடுத்துவிடுவேன்" என்பது பாதிப் பதில்தான். முதலில் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு அந்தப் பர்கரை எடுத்துவிட வேண்டும். உடனே ஷிப்ட் மேனேஜரைக் கூப்பிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவருக்கு இது பர்கர் மாறிய விஷயம் மட்டுமல்ல. மேனேஜரிடம் மறைத்தால் பிரச்சினை பெரிதாகும். "யார் தப்பு என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் மேனேஜரிடம் சொல்வேன்" என்று பதில் சொல்லும் பிள்ளையை நான் விட்டதே இல்லை.

நீங்களே சைவமா? அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கிச்சனில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி இடம், தனித்தனிப் பாத்திரங்கள். எல்லாச் செயினிலும் ஒரே மாதிரி இருக்காது.

6. நீங்கள் கேட்க வேண்டியது: கையில் எவ்வளவு வரும்?

என் முதல் இன்டர்வியூவில் சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். முதல் சம்பளம் வந்த அன்று மூவாயிரம் குறைந்திருந்தது. அம்மாவிடம் சொல்லி வைத்திருந்த கணக்கெல்லாம் தப்பாகிவிட்டது. யாரும் திருடவில்லை, எனக்குக் கணக்குத் தெரியவில்லை. அதனால் இதை விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு உதாரணம். மாதச் சம்பளம் 15,000, அதில் பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) 10,000 என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய், பி.எஃப்.புக்குப் போகும். மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும். கையில் வருவது 13,687. கம்பெனியும் தன் பங்காக பி.எஃப்.புக்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் கட்டும். அதையும் சேர்த்து சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொன்னால் பேப்பரில் ஏறக்குறைய 16,700 என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே மூவாயிரம் இடைவெளி. எனவே, "பிடித்தம் போக கையில் எவ்வளவு சார்?" என்றே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பிடிக்கிற பணம் வீண் என்றும் நினைக்காதீர்கள். பி.எஃப். உங்கள் பெயரில் சேரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் வீட்டில் உங்களை நம்பியிருப்பவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கும். எங்கள் கடையில் ஒரு தம்பியின் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது அந்தக் கார்டில்தான்.

இன்னும் மூன்று கேள்விகள்: வாரத்தில் எந்த நாள் லீவு? 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஓவர்டைம் எப்படிக் கணக்கு? இரவு க்ளோசிங் முடிந்தால் வீட்டுக்குப் போக வண்டி உண்டா? பெண்கள் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்திருத்தம் செய்திருக்கிறது. உள்ளே நோட்டம் விடும்போது அதையும் பாருங்கள்.

7. கிச்சனுக்குள் சில மணி நேரம்

சில செயின்களில் எடுப்பதற்கு முன் கடைக்குள் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வார்கள். எதையும் சுறுசுறுப்பாகச் செய்து காட்ட வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் கை கழுவுங்கள், சோப்புப் போட்டு இருபது விநாடி, விரல் இடுக்கு வரை. கீழே விழுந்ததைத் திரும்ப மேஜையில் வைக்காதீர்கள். ஃப்ரையர் பக்கம் சொல்லாமல் போகாதீர்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் போகும்போது "பின்னாடி" என்று குரல் கொடுங்கள். இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்ததும் மறுமுறை தானாகச் செய்கிறீர்களா என்றுதான் கவனிப்பார்கள்.

8. எடுத்துக்கொண்டால்

மெடிக்கல் ஃபிட்னெஸ் சான்றிதழ் கேட்பார்கள். உணவைக் கையாளும் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. செலவு யாருடையது என்று முதலிலேயே கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டரை வாங்காமல் இரண்டாவது வாரத்துக்குள் போகாதீர்கள். அதில் பேசிக் எவ்வளவு, எந்தக் கடை, எந்தப் பதவி என்று பார்த்து, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். முதல் சம்பளத்தோடு யு.ஏ.என். எண்ணையும் (உங்கள் பி.எஃப்.புக்கான நிரந்தர எண்) இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஷூ கம்பெனியே கொடுக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிச்சன் தரையில் எப்போதும் எண்ணெய்ப் பசை இருக்கும். நாமே வாங்க வேண்டும் என்றால் வழுக்காத அடிப்பாகம் உள்ளதைப் பார்த்து வாங்கி, சேருவதற்கு நான்கு நாள் முன்பே வீட்டில் போட்டு நடந்து பழகுங்கள். புது ஷூவோடு முதல் நாள் எட்டு மணி நேரம் நின்றால் குதிகால் உரிந்துவிடும்.